11 மாதம் என் காலில் இருந்த இலிசரோவ் வளையம்: ஒரு லேத் பட்டறைக்காரனின் மதிப்புரை

கடலூர் முதுநகரில் 22 ஆண்டுகளாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மீன்பிடிப் படகுகளுக்கு ஷாஃப்ட், புஷ், கப்ளிங் கடைந்து கொடுப்பதுதான் தொழில். எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் அதன் மரை எப்படி வெட்டப்பட்டிருக்கிறது, எங்கே தேயும், எங்கே உடையும் என்று பார்த்துப் பழகிய கண் என்னுடையது. அந்தக் கண்ணோடு, உடைந்த எலும்பைச் சேர்க்க என் வலது காலில் மாட்டியிருந்த ஒரு கருவியைப் பற்றி எழுதுகிறேன். டாக்டர்கள் இலிசரோவ் என்பார்கள். வார்டில் எல்லோருக்கும் அது ரிங். 2023 ஜூலையில் மாட்டினார்கள். 2024 ஜூனில் கழற்றினார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கருவி அருமையானது. என் காலை மீட்டுக் கொடுத்தது அதுதான். ஆனால் அதை ஓட்ட வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள் என்பதை மருத்துவமனையில் யாரும் எங்களுக்கு உட்காரவைத்துச் சொல்லவில்லை. என் குறை அது ஒன்றுதான். அந்தக் குறை சின்னதும் இல்லை.

2023 பிப்ரவரியில் ஓர் இரவு, அரியாங்குப்பத்தில் ஒரு படகுக்காரரிடம் ஷாஃப்டை ஒப்படைத்துவிட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தேன். ரெட்டிச்சாவடி தாண்டி, பெரியகங்கணாங்குப்பம் வருவதற்கு முன்னால், ஒரு மினி லாரி உரசித் தள்ளியது. முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு உடைந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. 108 வந்து தூக்கிச் சென்றது. இந்தச் சாலையில் போய்வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்தால், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது, திட்டத்தில் சேர்ந்திருக்கும் மருத்துவமனையாக இருக்க வேண்டும். 'இன்னுயிர் காப்போம்' என்று பெயர். அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடு ஓடும் ஊர்களில் இது பலருக்குத் தெரியாது.

முதலில் சேர்ந்த இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. பிளேட் வைத்துத் தைத்து அனுப்பினார்கள். மூன்றாவது வாரத்தில் தையலின் ஓரத்தில் சீழ் கசிந்தது. திறந்து கழுவினார்கள், மறுபடி தைத்தார்கள், மறுபடி கசிந்தது. மாதக்கணக்கில் மாத்திரையும் ஊசியுமாகப் போனது. ஜூன் மாதம் எக்ஸ்ரேயில் பார்த்தபோது நடுவில் ஒரு துண்டு எலும்பு வெளேரென்று தனியாகத் தெரிந்தது. இரத்தம் போகாமல் செத்துப்போன எலும்பு அது. ஒரு டாக்டர் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார். என் பெரிய மாமா புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்று வேன் பேசிவிட்டு வந்து நின்றார். அவர் அன்பை நான் குறைவாகச் சொல்லமாட்டேன். ஆனால் புண் திறந்து சீழ் வடியும் காலை மூடிக் கட்டினால் உள்ளே என்ன ஆகும் என்பது எனக்குப் புரிந்தது. வேனைத் திருப்பி அனுப்பச் சொன்னேன்.

புதுச்சேரியில் பார்த்த டாக்டர்தான் ரிங் பற்றிச் சொன்னார். செத்த எலும்பை முழுவதும் எடுத்துவிட வேண்டும், 5 சென்டிமீட்டர் போய்விடும் என்றார்.

"அந்த இடத்தில் எதை வைப்பீர்கள், டாக்டர்?"

"எதையும் வைக்கமாட்டேன் ஐயா. உங்கள் எலும்பையே இழுத்துக் கொண்டுவந்து நிரப்புவோம்."

அன்று அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். காலைச் சுற்றி எவர்சில்வர் வளையங்கள், எனக்கு நான்கு. ஒவ்வொரு வளையத்திலும் 1.8 மில்லிமீட்டர் கம்பிகளைக் குறுக்காக எலும்புக்குள் செலுத்தி, மறுபக்கம் எடுத்து, வளையத்தோடு இழுத்துப் பூட்டுகிறார்கள். கம்பியை 130 கிலோ இழுவிசை வரைக்கும்கூட இழுத்துக் கட்டுவார்களாம். சைக்கிள் சக்கரத்தில் ஸ்போக்ஸ் ரிம்மைத் தாங்குகிறதே, அதே தத்துவம். வளையங்களை மேலும் கீழும் மரைக் கம்பிகள் இணைக்கின்றன. பிறகு முழங்காலுக்குச் சற்றுக் கீழே, நல்ல எலும்பை உளியால் நிதானமாக வெட்டிப் பிரிக்கிறார்கள். ஒரு வாரம் சும்மா விடுகிறார்கள். வெட்டிய இடத்தில் இளம் எலும்புத் திசு ஊறத் தொடங்கியதும், வெட்டிய துண்டை நாளுக்கு 1 மில்லிமீட்டர் கீழே நகர்த்துகிறார்கள். துண்டு கீழே போகப் போக, மேலே விட்ட இடைவெளியில் புது எலும்பு உண்டாகிறது. திருவிழாவில் சவ்வு மிட்டாய்க்காரர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேகமாக இழுத்தால் அறுந்துவிடும், மெதுவாக இழுத்தால் இறுகிவிடும். எலும்பும் அப்படித்தான் என்றார். அவசரப்பட்டால் எலும்பு உருவாகாது, நரம்பும் இரத்தக்குழாயும் தாங்காது. தாமதித்தால் பாதி வழியிலேயே கெட்டிப்பட்டு நின்றுவிடும். நாளுக்கு 1 மில்லிமீட்டர், அதுவும் நான்கு தவணையாக. எனக்கு 50 மில்லிமீட்டர், ஆகவே 50 நாள்.

இதைக் கண்டுபிடித்தவர் கவ்ரீல் இலிசரோவ். சைபீரியாவின் குர்கான் என்ற ஊரில், 1950களின் தொடக்கத்தில், போரில் கால் உடைந்து ஆண்டுக்கணக்கில் கூடாமல் கிடந்தவர்களுக்காக இதை உருவாக்கினார். முதலில் சைக்கிள் பாகங்களை வைத்துச் செய்து பார்த்தார் என்று சொல்வார்கள். இன்னொரு கதையும் சொல்வார்கள்: எலும்பை நெருக்கி அழுத்த வேண்டிய நட்டை ஒரு நோயாளி எதிர்த்திசையில் திருகிவிட்டாராம், இடைவெளி கூடிய இடத்தில் புது எலும்பு வளர்ந்திருப்பதை எக்ஸ்ரேயில் பார்த்துத்தான் இலிசரோவுக்கு வழி திறந்ததாம். 1964 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற வலேரி புருமேல், மறு ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டார். பல அறுவைகளுக்குப் பிறகு 1968இல் குர்கானுக்குப் போனார். அங்கிருந்து திரும்பி, மறுபடியும் தாண்டினார். என் மகள் இதைப் படித்துவிட்டு வந்து சொன்னபோது நான் கட்டிலில் படுத்திருந்தேன். மோட்டார் சைக்கிள் என்ற ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது.

இனி கருவிக்கு வருகிறேன்.

மரைக் கம்பி 6 மில்லிமீட்டர். பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி, 1 மில்லிமீட்டர். நட்டுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர். இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. ஏனென்றால் இது நான் தினமும் கையாளும் மரை. நட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் 1 மில்லிமீட்டர், கால் சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர். கணக்கு அவ்வளவு சுத்தம். இதை வடிவமைத்தவர் பட்டறை தெரிந்த மனிதர் என்று உடனே உணர்ந்தேன். வேலைப்பாடும் நன்றாக இருந்தது; 11 மாதத்தில் ஒரு மரைகூடச் சிதையவில்லை, துரு ஏறவில்லை.

ஆனால் எனக்கு மாட்டியதில் இருந்தவை சாதாரண ஆறுபட்டை நட்டுகள். ஆறுபட்டை நட்டில் கால் சுற்று என்றால் ஒன்றரைப் பட்டை. அரைப் பட்டையை எங்கே நிறுத்துவது? நாலுபட்டை நட்டாக இருந்தால் பட்டைக்குக் கால் மில்லிமீட்டர், கண்ணை மூடிக்கொண்டு எண்ணலாம். அப்படிப்பட்ட நட்டும் இருக்கிறது என்று பின்னால்தான் அறிந்தேன். டாக்டர்கள் அதைக் கேட்டு வாங்கிப் போட வேண்டும் என்பது என் வேண்டுகோள். நகரும் வளையத்தை நான்கு மரைக் கம்பிகள் பிடித்திருந்தன. ஒவ்வொன்றிலும் வளையத்துக்கு மேலே ஒரு நட்டு, கீழே ஒரு நட்டு. முதலில் கீழ் நட்டைக் கால் சுற்று தளர்த்தி, பிறகு மேல் நட்டைக் கால் சுற்று இறுக்க வேண்டும். எட்டு நட்டு, நாளுக்கு நான்கு முறை: 32 திருகல். 50 நாளுக்கு 1,600. இதில் ஒன்றையும் டாக்டர் செய்யப்போவதில்லை. டிஸ்சார்ஜ் ஆகும் அன்று ஒரு பயிற்சி டாக்டர் ஒரு முறை திருகிக் காட்டினார். "இப்படியே செய்யுங்கள்" என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் பின்னால் இன்னும் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை.

படுத்திருப்பவனால் தன் காலின் பின்பக்க நட்டைப் பார்க்க முடியாது. ஆகவே ஸ்பேனர் என் மனைவியின் கைக்குப் போனது. கடையில் விற்கும் ஸ்பேனரின் நீளம் வளையத்துக்கு நடுவே நுழையாது. பட்டறைப் பையனை வரவழைத்து, கைப்பிடியைப் பாதியாக அறுத்து, தலையின் தடிமனை கிரைண்டரில் தேய்க்கச் சொன்னேன். அதன் பிறகு கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. மகள் தன் நகச்சாயத்தை எடுத்துவந்து ஒவ்வொரு நட்டிலும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். அட்டையில் வட்டம் வெட்டி நாலு கோடு போட்டு, அதை நட்டின் பக்கத்தில் பிடித்துக்கொண்டால் கால் சுற்று எங்கே முடிகிறது என்று தெரியும். காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 10. "ஏங்க, மணி ஆறு" என்று மனைவி சொல்லும்போது ஸ்பேனர் ஏற்கெனவே அவள் கையில் இருக்கும். திருகி முடித்ததும் மகள் நோட்டில் நேரம் போட்டுக் கையெழுத்து வைப்பாள். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

ஒரு தவறு நடந்தது. பத்தாவது நாள் இரவு மின்சாரம் போயிருந்தது. மனைவிக்குக் காய்ச்சல். என் மைத்துனர் டார்ச் வெளிச்சத்தில் தானே திருகினார். காலையில் மகள் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, "அப்பா, வளையம் மேலே போயிருக்கிறது" என்றாள். எதிர்த்திசையில் திருகியிருக்கிறார். உடனே வண்டி பிடித்துப் புதுச்சேரி போனோம். ஒரு தவணைதான், ஒன்றும் ஆகாது, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மைத்துனர் தண்ணீர் குடித்தார். அந்தப் புள்ளி இல்லாதிருந்தால் எத்தனை நாள் தவறாகவே போயிருக்கும்? எங்கள் வார்டில் இருந்த ஒருவருக்கு இரண்டு வாரம் அப்படிப் போனதாக அங்கேயே கேள்விப்பட்டேன். அவர் வீட்டில் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

வலியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நேராகச் சொல்கிறேன். திருகும்போது வலிக்காது. வலி மாலையில் வரும், கெண்டைச்சதையைக் கயிறு போட்டு இழுப்பதுபோல. நான்காவது வாரத்திலிருந்து தூக்கம் உடைந்தது. காலைத் தலையணைமேல் வைத்தாலும் புரள முடியாது. கம்பி முனைகள் விரிப்பில் மாட்டும், மற்றக் காலைக் கீறும். மருந்துக் குப்பிகளின் ரப்பர் மூடிகளைச் சேர்த்து ஒவ்வொரு முனையிலும் செருகினோம். உடைக்குக் கைலியே உத்தமம். வெளியே போகத் தையற்காரரிடம் பேண்டின் ஒரு பக்கத் தையலைப் பிரித்துப் பட்டன் வைத்துக்கொண்டேன். கொசுவலையைக் கால் பக்கம் உயர்த்திக் கட்ட வேண்டும், இல்லையென்றால் வலை கம்பியில் சிக்கும்.

கம்பி தோலுக்குள் நுழையும் துவாரங்கள்தான் இந்தக் கருவியின் பலவீனம். எனக்கு இருபது துவாரம். தினமும் கொதித்து ஆறிய உப்புநீரில் துணியை நனைத்து ஒவ்வொன்றையும் துடைத்து, காய்ந்த பொருக்கை எடுத்து, புதுத் துணி சுற்ற வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரே துணியால் இரண்டு துவாரத்தைத் துடைக்கக் கூடாது. இதைச் சொன்னது ஒரு சிஸ்டர். டாக்டரின் சீட்டில் எழுதியிருக்கவில்லை. இருந்தும் இரண்டு முறை சீழ் பிடித்தது. இரண்டாவது முறை முன்கூட்டியே கண்டுபிடித்தேன். பூட்டிய கம்பியை நகத்தால் சுண்டினால் கணீரென்று ஒலிக்கும். ஒரு கம்பி மட்டும் மந்தமாக ஒலித்தது. தளர்ந்துவிட்டது என்று புரிந்தது. தளர்ந்த கம்பி நடக்கும்போது சதைக்குள் ஆடும், ஆடினால் புண்ணாகும். டாக்டரிடம் சொன்னேன். அவரும் சுண்டிப் பார்த்தார், என்னை ஒரு கணம் பார்த்தார், கம்பியை அன்றே இழுத்துக் கட்டினார். அது முதல் ஒவ்வொரு முறை போகும்போதும், "இந்த வாரம் எது சுருதி குறைந்திருக்கிறது ஐயா?" என்று கேட்பார். நானாக எதையும் இறுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கையில் ஸ்பேனர் இருக்கிறது, தொழிலும் தெரியும் என்றாலும் சொன்ன எட்டு நட்டைத் தவிர வேறு எதிலும் கை வைக்கக் கூடாது.

நடக்க வேண்டும். இதை நம்ப எனக்கு நாள் பிடித்தது. கம்பியும் வளையமுமாக இருக்கும் காலை ஊன்றினால் எல்லாம் கழன்றுவிடும் என்று பயந்து முதல் மாதம் ஊன்றவே இல்லை. பிசியோதெரபி செய்த பெண், என் மகளைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார், "எடை விழுந்தால்தான் ஐயா எலும்பு கெட்டிப்படும். கம்பி துளி வளைந்து கொடுக்கும்படிதான் செய்திருக்கிறார்கள்" என்றார். அவர் சொன்னது சரி. ஊன்றத் தொடங்கிய பிறகு கால் வீக்கமும் வடிந்தது, பசியும் வந்தது. அவர் சொன்ன இன்னொன்றை நான் அலட்சியப்படுத்தினேன்: பாதத்தில் துண்டைப் போட்டு விரல்களைத் தன் பக்கம் இழுக்கும் பயிற்சி. ரிங் மாட்டிய காலில் கெண்டைச்சதை இறுகிக் குதிகாலை மேலே இழுத்துவிடும். நாளுக்கு ஐந்து முறை செய்யச் சொன்னார், நான் ஒரு முறை செய்தேன். இன்றும் என் வலது பாதம் முழுதாக மேலே மடங்காது. சம்மணம் போடலாம், குந்தி உட்கார முடியாது. லேத்தின் அடியில் குனிந்து பார்க்கும்போதெல்லாம் அந்தத் துண்டு நினைவுக்கு வருகிறது. ரிங் மாட்டப்போகும் யாராக இருந்தாலும் அந்தப் பயிற்சியை விடாதீர்கள்.

பீடியும் விட வேண்டும். புகை இரத்தக்குழாயைச் சுருக்கும். இரத்தம் போகாத இடத்தில் எலும்பு வராது. இருபது ஆண்டுப் பழக்கத்தை அறுவைக்கு முந்தின இரவு விட்டேன்.

ஐம்பது நாளில் எலும்புத் துண்டு கீழே போய்ச் சேர்ந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். சேர்ந்த இடம் தானாக ஒட்டாது போகலாம் என்பதை அப்போதுதான் சொன்னார்கள். அக்டோபரில் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அங்கே வைத்து மறுபடி ஓர் அறுவை. இதை ஜூலையிலேயே சொல்லியிருந்தால் மனம் இவ்வளவு உடைந்திருக்காது. அதன் பிறகு காத்திருப்பு மட்டும். ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அது எனக்குப் பொருந்தியது. மாதம் ஒரு எக்ஸ்ரே. முதலில் ஒன்றுமில்லாத கறுப்பு. பிறகு வைக்கோல் போட்டதுபோல நெடுக்குக் கோடுகள். பிறகு மேகம். மார்ச் மாதம் அந்த மேகத்தின் இரு ஓரத்திலும் வெள்ளைக் கரை கட்டியது. டாக்டர் அதை விரலால் தொட்டுக் காட்டி, "இது நீங்கள் வளர்த்தது" என்றார். என் மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். அவளைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

சிகிச்சைச் செலவின் பெரும்பகுதி காப்பீட்டில் அடங்கியது. அடங்காதது பட்டறை மூடிக் கிடந்த மாதங்களும், வீடு இருக்கும் ஆல்பேட்டையிலிருந்து புதுச்சேரிக்கு வண்டி பேசிய பணமும். ரிங்கோடு பஸ் படிக்கட்டில் ஏற முடியாது, ஏறினாலும் கூட்டத்தில் காலை எங்கே நீட்டுவது?

ஜூனில் முதலில் நட்டுகளை மட்டும் தளர்த்திவிட்டு மூன்று வாரம் நடக்கவிட்டார்கள். வலியும் வளைவும் இல்லை என்றான பிறகு கழற்றினார்கள். இரண்டு மாதம் பிளாஸ்டிக் தாங்கி அணிந்தேன். கால் 1 சென்டிமீட்டர் குட்டை. திருப்பாதிரிப்புலியூரில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் அளவு பார்த்து ரப்பர் தகடு ஒட்டிக் கொடுத்தார், 150 ரூபாய். இப்போது நடையில் வித்தியாசம் தெரிவதில்லை. அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் கரை கடந்து, டிசம்பர் முதல் வாரம் தென்பெண்ணை பெருகி எங்கள் தெருவுக்குள் வந்தபோது, முழங்காலளவு தண்ணீரில் மாமியாரைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடந்தேன். வலது கால் இடறவில்லை.

ஆகவே கால் எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், ரிங் வழி உண்டா என்று இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எல்லாக் காலுக்கும் இது பொருந்தாது. இரத்தக்குழாயும் நரம்பும் போய்விட்ட கால் வேறு. ஓர் ஆண்டு கூடவே இருக்க ஆள் இல்லாதவருக்கும் இது மிகக் கடினம். மருத்துவமனைகளிடம் நான் கேட்பது, டிஸ்சார்ஜுக்கு முன் மூன்று நாள், ஸ்பேனரை வீட்டாரிடம் கொடுத்து, சிஸ்டர் முன்னிலையில் திருகச் சொல்லுங்கள். நாலுபட்டை நட்டு போடுங்கள்.

நான் ஓர் அட்டை தயாரித்திருக்கிறேன். நட்டின் படம், எந்தப் பக்கம் திருகுவது என்று அம்புக்குறி, புள்ளி வைக்கும் முறை, துவாரம் துடைக்கும் முறை, துண்டுப் பயிற்சி, எந்த அறிகுறி கண்டால் உடனே ஓடி வர வேண்டும் என்பது. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி படமாகவே போட்டிருக்கிறோம், வரைந்தது மகள். என் டாக்டர் படித்துப் பார்த்து இரண்டு இடம் திருத்தினார். அறுத்துத் தேய்த்த குட்டை ஸ்பேனரும் பத்து செய்து வைத்திருக்கிறேன். இதுவரை நாலு பேர் வாங்கிப் போயிருக்கிறார்கள். கடைசியாக வந்தவர் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் வேலை செய்யும் பெண். மகனுக்கு ரிங் மாட்டிச் சில நாள் ஆகியிருந்தது. பட்டறை பெஞ்சில் ஒரு மரைக் கம்பியை வைத்து, அவர் தானாக எட்டு முறை சரியாகத் திருகும்வரை பக்கத்தில் இருந்தேன். கிளம்பும்போது ஸ்பேனரை முந்தானையில் முடிந்துகொண்டு, "பன்னிரண்டு மணிக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் அண்ணே" என்று பஸ்ஸுக்கு ஓடினார்.